ஆரைக்கீரையும் ஒரு துண்டுச் சீட்டும்

புறப்படுவதற்கு முந்தைய இரவு எங்கள் வீட்டு வாசலில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. நானும் மனைவியும் இரண்டு மணி நேரம் பாடுபட்டு வண்டியில் அடுக்கிய சாமான்களை, அண்ணன் வந்து பத்தே நிமிடத்தில் இறக்கித் தரையில் பரப்பிவிட்டார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், மெல்பர்னில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர், பல வருடம் இந்த நாட்டின் குறுக்கும் நெடுக்குமாக லாரி ஓட்டியவர். இட்லிக் கொப்பரை, பதினைந்து கிலோ அரிசி மூட்டை, இரண்டு குக்கர், மடக்கு நாற்காலி ஆறு, மகளுடைய பாடப் புத்தகங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நீங்கள் பயணம் போகிறீர்களா, குடித்தனம் போகிறீர்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலை ஊரைவிட்டுக் கிளம்பும்போது ராயல் பார்க்கில் இருக்கும் நினைவுக் கற்குவியலருகே வண்டியை நிறுத்தினோம். அங்கே நின்றபோது கோபம் அடங்கிவிட்டது. என்னைவிடப் பெரிய ஆட்களும் இதே தவற்றைச் செய்திருக்கிறார்கள்.

1860 ஆகஸ்ட் 20ஆம் தேதி பிற்பகல், ஏறத்தாழ 15,000 பேர் கூடி நின்று வழியனுப்ப, அந்தப் பூங்காவிலிருந்து ஒரு படையே கிளம்பியது. 19 ஆட்கள், இருபதுக்கு மேற்பட்ட குதிரைகள், அதே அளவு ஒட்டகங்கள், 6 வண்டிகள், சுமார் 20 டன் சாமான். ஆஸ்திரேலியாவைத் தெற்கிலிருந்து வடக்குக் கடல்வரை தரைவழியாகக் கடப்பது திட்டம். கரையோரங்களுக்கு வரைபடம் இருந்தது. நடுவே வெள்ளைக்காரர்களின் வரைபடத்தில் வெறும் தாள்தான். விக்டோரியா ராயல் சங்கம் ஏற்பாடு செய்த இந்தப் பயணத்துக்குத் தலைவர் ராபர்ட் ஓஹாரா பர்க். அயர்லாந்தில் பிறந்த போலீஸ் அதிகாரி. காட்டில் வழி கண்டுபிடித்துப் பழக்கம் இல்லாதவர். கூடவே வில்லியம் ஜான் வில்ஸ், 26 வயது நில அளவையாளர். பின்னால் துணைத் தலைவர் ஆனவர். இருவர் பெயரையும் சேர்த்துத்தான் இன்று இந்தப் பயணம் அழைக்கப்படுகிறது.

அவர்கள் எடுத்துச் சென்ற பொருட்களில் ஓக் மரத்தில் செய்த மேசை இருந்தது. சமிக்ஞை வாணங்களும் ஒரு சீனச் சேகண்டியும் இருந்தன. ஒட்டகங்களுக்குக் கொடுப்பதற்கென்று 60 கேலன் ரம் இருந்தது. ஒரு வண்டி பூங்காவைவிட்டு வெளியேறும் முன்பே உடைந்தது. முதல் நாள் இரவு அவர்கள் தங்கிய இடம் எசண்டன். எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "உங்களுடைய இட்லிக் கொப்பரையை அவர்களும் கொண்டு போயிருப்பார்கள்" என்றார்.

எடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுக்குப் போகும் வண்டியைக் கிளம்புமுன் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். கண் மதிப்பில் சொல்லவே முடியாது. எங்களுடையது, பாதி சாமானை இறக்கிய பிறகும், அனுமதிக்கப்பட்ட எடைக்குச் சற்றுக் கீழேதான் நின்றது. தண்ணீர்தான் கனம், அதில் கைவைக்க முடியாது. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று கணக்கிட்டு, இருபது லிட்டர் கேன்களாகப் பிரித்து வைத்தோம். ஒரே பெரிய தொட்டியாக வைத்தால், ஒரு கல் தெறித்து ஓட்டை விழுந்தால் எல்லாம் போய்விடும். கேன்கள் தரையோடு தரையாக, பின்சக்கர அச்சுக்கு முன்னால். கூரைமேல் படுக்கை மாதிரி லேசானவை மட்டும். கூரையில் கனத்தை ஏற்றிய வண்டி மணல் வளைவில் கவிழ்வதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக்கு அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். காய்கறியும் பழமும் மாநில எல்லைகளில் பழ ஈ கட்டுப்பாட்டுக்காகத் தடுக்கப்படும் என்பதால் அளவோடு எடுத்துக்கொண்டோம். மனைவி மட்டும் ஒரு குக்கரை விட்டுக்கொடுக்கவில்லை. அது நல்லதாகவே போயிற்று.

மெல்பர்னிலிருந்து டார்லிங் ஆற்றங்கரையில் உள்ள மெனிண்டிக்கு நாங்கள் ஒன்றரை நாளில் போனோம். பர்க் குழுவுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அதே தூரத்தைத் தபால் வண்டி ஒன்றிரண்டு வாரத்தில் கடந்துகொண்டிருந்த காலம் அது. இடையில் சண்டை. ஒட்டகங்களுக்குப் பொறுப்பாளரான ஜார்ஜ் லண்டெல்ஸ், ரம் விஷயத்தில் தொடங்கிய தகராறில் மெனிண்டியில் விலகிக்கொண்டார். மருத்துவரும் விலகினார்.

இந்த லண்டெல்ஸ்தான் கராச்சி வழியாக ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்தவர். ஒட்டகக்காரர்களாக நம் துணைக்கண்டத்துச் சிப்பாய்கள் சிலரும் உடன் வந்தார்கள். அவர்களில் சம்லா என்பவர் இந்து. குழுவில் கொடுத்த இறைச்சியை உண்ண மதம் இடம் கொடுக்கவில்லை என்று ரொட்டியும் தண்ணீருமாகச் சில நாள் ஓட்டிப் பார்த்தார். பிறகு விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார். அந்தப் பயணத்திலேயே தன் வரம்பை அறிந்து சரியான நேரத்தில் திரும்பிய ஒரே ஆள் இவர்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தோஸ்த் முகம்மது என்ற இன்னொருவரை மெனிண்டியில் ஒட்டகம் தாக்கியது. ஒரு கை விளங்காமல் போயிற்று. அந்த ஊரிலேயே தங்கி, அங்கேயே இறந்தார். ஊருக்கு வெளியே சாலையோரம் அவருடைய கல்லறை இருக்கிறது. வேறு யாரும் நிற்கவில்லை. நாங்கள் சிறிது நேரம் நின்றோம். ஈக்கள் எங்களை அதிக நேரம் நிற்க விடவில்லை. ஈ வலைத் தொப்பி வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெனிண்டியில்தான் பர்க் குழுவைப் பிரித்தார். அடிலெய்டுப் பக்கத்திலிருந்து ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் வடக்கே போய்க் கண்டத்தைக் கடக்க முயன்றுகொண்டிருந்தார். அவர் முந்திவிடக் கூடாது என்ற அவசரம். பாதி ஆட்களையும் பெரும்பகுதி சாமான்களையும் பின்னால் விட்டுவிட்டு, வேகமானவர்களுடன் கூப்பர் கிரீக் என்ற ஓடைக்கு ஓடினார். பின்னால் இருந்தவர்களை அழைத்துவரும் பொறுப்பை, வழியில் சேர்த்துக்கொண்ட வில்லியம் ரைட் என்பவரிடம் கொடுத்தார். ரைட் தன் நியமனம் உறுதியாகவும் பணம் வரவும் காத்திருந்து, 1861 ஜனவரிக் கடைசியில்தான் நகர்ந்தார்.

எங்கள் அவசரம் வேறு வகை. தன் வண்டியில் எங்களோடு வந்த அண்ணனுக்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். பாலையோரச் சிற்றூரான திபூபுராவை அடைந்த அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது.

பாலைவனத்தில் மழை பெய்தால் நம் ஊரில் என்றால் விழா கொண்டாடலாம். அங்கே சாலையை மூடிவிடுவார்கள். காலையில் எழுந்து பார்த்தால் வடக்கே போகும் எல்லா மண்சாலைக்கும் 'மூடப்பட்டது' என்ற பலகை திருப்பப்பட்டிருந்தது. பெய்தது என்னவோ சிறு மழைதான். செருப்போடு சாலையில் பத்தடி நடந்து பார்த்தேன். ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ களிமண் ஒட்டிக்கொண்டு யானைக்கால் மாதிரி ஆகிவிட்டது. ஈரத்தில் வண்டி போனால் ஆழமாகத் தடம் விழுந்து, காய்ந்ததும் கல்லாகி, மாதக்கணக்கில் எல்லோருடைய முதுகெலும்பையும் பதம் பார்க்கும். அதனால்தான் மூடிய சாலையில் ஓட்டினால் கடுமையான அபராதம்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். ஊரைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். பூங்காவில் ஒரு படகைக் கவிழ்த்து மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1844இல் சார்ல்ஸ் ஸ்டர்ட், கண்டத்தின் நடுவில் பெரிய கடல் இருக்கும் என்று நம்பி, இந்தப் பாலைக்கு உள்ளே ஒரு படகை இழுத்துக்கொண்டு வந்தார். அதன் நினைவாக வைத்த மாதிரி. மகள் அதன் கீழே நின்று மழைக்கு ஒதுங்கினாள். ஒருவகையில் ஸ்டர்டின் படகு தண்ணீரைப் பார்த்துவிட்டது.

அண்ணன் இரண்டாம் நாளே பொறுமை இழந்தார். "சாலை மேலே காய்ந்துவிட்டது, மெதுவாகப் போய்விடலாம்" என்றார். போகவில்லை. ஆனால் போயிருப்போம், பெட்ரோல் பங்க்கில் இருந்த பெண்மணி எங்களைப் பார்த்த பார்வைதான் தடுத்தது. திட்டம் போடும்போதே 'சும்மா உட்கார' மூன்று நாளை ஒதுக்கி வையுங்கள் என்று இப்போது நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பத்து நாள் விடுப்பு என்றால் ஏழு நாள் பயணம். அந்த மூன்று நாளுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மருந்து, பணம் எல்லாம் தனியாக இருக்க வேண்டும். மனைவி விடாப்பிடியாகக் கொண்டுவந்த குக்கர் அந்த மூன்று நாளும் ஐந்து பேருக்குச் சோறு போட்டது.

பர்க்கால் உட்கார முடியவில்லை. 1860 நவம்பர் 11 அன்று கூப்பரை அடைந்தார். கோடை முடியும்வரை, அல்லது ரைட் வந்து சேரும்வரையாவது, அங்கே காத்திருந்திருக்கலாம். மடுக்களில் தண்ணீர் இருந்தது. டிசம்பர் 16 அன்று, கொளுத்தும் வெயிலில், வில்ஸ், ஜான் கிங், சார்லி கிரே என்ற மூவரையும், ஆறு ஒட்டகங்களையும், ஒரு குதிரையையும், மூன்று மாத உணவையும் எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிட்டார். வில்லியம் பிராகே என்பவரை முகாமில் விட்டு, மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார். வில்ஸ் தனியாக அழைத்து, முடிந்தால் நான்கு மாதம் இரு என்று கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாள் காலை பலகையைத் திருப்பினார்கள். கிளம்பினோம். குயின்ஸ்லாந்து எல்லையில் நாய்வேலி ஒன்று குறுக்கே ஓடுகிறது. டிங்கோ நாய்கள் ஆட்டுப் பண்ணைகளுக்குள் வராமல் தடுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட வேலி. கதவைத் திறந்து, கடந்து, மறுபடியும் மூடித் தாழிட வேண்டும். அதன் பிறகு கல் பரப்பு தொடங்கியது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மெருகு ஏறிய சிவப்புக் கற்கள், பழுத்த நாவற்பழ அளவிலிருந்து தேங்காய் அளவுவரை. பார்க்க அழகு, டயருக்கு எமன்.

டயர்க் காற்றைத் தார்ச்சாலையில் வைத்திருந்த 40இலிருந்து 28க்கு இறக்கச் சொல்லியிருந்தார் அண்ணன். காற்று குறைந்தால் டயர் கல்லின்மேல் வளைந்து கொடுக்கும். விறைப்பாக இருந்தால் கிழிந்துவிடும். கூடவே வேகத்தையும் குறைக்க வேண்டும். காற்றை இறக்கினேன், வேகத்தைக் குறைக்கவில்லை. மதியம் இரண்டு மணிவாக்கில் பின்பக்க இடது டயர் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. முன்னால் போன அண்ணனுடைய வண்டி புழுதிக்குள் மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வாக்கி டாக்கியில் கூப்பிட்டேன், கரகரப்புதான் வந்தது. சமவெளியிலும் அது சில கிலோமீட்டர் தாண்டிப் பேசாது.

ஸ்டெப்னி இரண்டு வைத்திருந்ததால் பயமில்லை. ஆனால் ஜாக்கி பொடிமண்ணில் புதைந்தது. அதன் அடியில் வைக்க ஒரு கனமான பலகை வேண்டும் என்பது, சாமானை இறக்கிப்போட்டபோது அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் மகளுடைய பாடப் புத்தகங்கள் இரண்டை அடியில் வைத்துத் தூக்கினோம். கணக்குப் புத்தகம் கெட்டி அட்டை, நன்றாகத் தாங்கியது.

அண்ணனும் நானும் காலையில் ஒப்பந்தம் செய்திருந்தோம்: கூப்பர் ஓடைக்கரையில் பர்க் குழு முகாமிட்ட டிக் மரத்துக்குப் பிரியும் சந்திப்பில் கூட வேண்டும், யார் முதலில் வந்தாலும் நான்கு மணிவரை காத்திருக்க வேண்டும். நான் என் கடிகாரப்படி 3.50க்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். யாரும் இல்லை. பத்து நிமிடம் இருக்கிறதே என்று நிழலில் உட்கார்ந்தோம். நான்கு ஆயிற்று. நாலரை ஆயிற்று. எரிபொருள் பிரச்சினையோ, அவருக்கும் டயர் கிழிந்து எங்காவது கிளைச் சாலையில் நிற்கிறாரோ என்று மனைவிக்குக் கவலை. திரும்பிப்போய்த் தேடலாமா என்று வண்டியைக் கிளப்பக்கூடச் செய்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரத் தொடங்கும். இருட்டில் ஓட்டக் கூடாது.

மகள் சிறு வேலையாகச் சாலைக் கம்பத்துக்குப் பின்னால் போனவள், கையில் ஒரு சீட்டோடு வந்தாள். கம்பத்தின் அடியில், காற்றில் பறக்கக் கூடாது என்று பெரிய கல்லின் கீழே வைக்கப்பட்டிருந்தது. அண்ணனுடைய அழகான கையெழுத்து: "தம்பி, நாங்கள் நலம். வாகனமும் நலம். முன்னே போகிறோம். அங்கே காத்திருப்போம்."

எங்கே? மரத்தடியிலா? அதற்கு அப்பால் இன்னமிங்கா ஊர் முகாமிலா? எத்தனை மணிக்கு எழுதியது? ஒன்றும் இல்லை.

விஷயம் பிறகுதான் புரிந்தது. வழியில் புரோக்கன் ஹில்லில் தங்கியபோது என் கைக்கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பியிருந்தேன். அந்த நகரம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருந்தாலும் அடிலெய்டு நேரத்தைப் பின்பற்றுகிறது; அரை மணி பின்னால். அண்ணனுடைய கடிகாரத்தில் நான்கு அடித்தபோது எனக்கு மூன்றரை. அவர் சரியாகத்தான் காத்திருந்தார், சரியாகத்தான் கிளம்பினார். நானும் நேரத்துக்குத்தான் வந்தேன். எங்கள் இருவர் பேரிலும் பிழையில்லை. அதற்காகச் சூரியன் நிற்கவில்லை. மரத்தடியாகத்தான் இருக்கும் என்று ஊகித்துப் போனோம். நல்லவேளை, அங்கே அவருடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலைதான் மரத்தை நிதானமாகப் பார்த்தேன். கூலிபா மரம்; யூகலிப்டஸ் இனம். ஓடைக்கரையில் அகலமாகக் கிளை விரித்து நிற்கிறது. வேர்களை மிதித்துவிடக் கூடாது என்று சுற்றிலும் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பிராகே பட்டையைச் செதுக்கி எழுதிய எழுத்துகளில் 65ஆம் முகாம் என்று ரோமன் எண்ணில் பொறித்தது மட்டும் இன்னும் தெரிகிறது. 'டிக்', அதாவது 'தோண்டு' என்ற புகழ்பெற்ற சொல்லைப் பட்டை வளர்ந்து மூடிவிட்டது.

அந்தச் சொல்லின் கதை இதுதான். பர்க் குழு 1861 பிப்ரவரியில் வடக்குக் கடலோரச் சதுப்பை எட்டியது. ஏறி இறங்கும் உப்புத் தண்ணீரைப் பார்த்தார்கள். அலையாத்திக் காடு குறுக்கே நின்றதால் கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் மழையும் சேறும். குதிரையைக் கொன்று தின்றார்கள். கிரே மாவைத் திருடித் தின்றதற்காகப் பர்க்கிடம் அடி வாங்கினார்; ஏப்ரல் 17 அன்று இறந்தார். அவரைப் புதைக்க ஒரு முழு நாள் ஆயிற்று, மற்றவர்களுக்குக் குழி தோண்டவும் தெம்பில்லை. மிஞ்சிய மூவரும் இரண்டு ஒட்டகங்களும் ஏப்ரல் 21 மாலை இந்த மரத்தடிக்கு வந்தபோது முகாமில் ஆளில்லை. பிராகே நான்கு மாதம் காத்திருந்துவிட்டு, நோயுற்ற ஒருவரை அழைத்துக்கொண்டு, அன்று காலையில்தான் கிளம்பியிருந்தார். இடைவெளி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்.

எல்லோரும் இதோடு 'ஐயோ விதியே' என்று நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு, முந்தின நாள் சந்திப்பில் நின்றதாலோ என்னவோ, அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. தோண்டினார்கள். மாவு, சர்க்கரை, அரிசி, உலர்ந்த இறைச்சி கிடைத்தன. ஒரு சீட்டும் கிடைத்தது. தங்கள் கால்நடைகள் நல்ல நிலையில் இருப்பதாகப் பிராகே அதில் எழுதியிருந்தார். அதைப் படித்தால் யாருக்கும் என்ன தோன்றும்? நல்ல விலங்குகளோடு போகிறவர்களை இந்த நடைப்பிணங்களால் எட்டிப் பிடிக்க முடியாது என்றுதானே. உண்மையில் பிராகே அன்றிரவு தங்கியிருந்தது 22 கிலோமீட்டருக்கு அப்பால்.

அடுத்து பர்க் செய்ததைப் பாருங்கள். வந்த வழியே மெனிண்டிக்குப் போகாமல், தென்மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி மவுண்ட் ஹோப்லெஸ் பக்கம் இருந்த பண்ணைக்குப் போவது என்று முடிவு செய்தார். அதை ஒரு கடிதத்தில் எழுதினார். கடிதத்தை அதே குழியில் புதைத்து, மேலே மண்ணைச் சமப்படுத்தி, யாரும் தொடாதது போல் ஆக்கிவிட்டுப் போனார். உள்ளூர் மக்கள் தோண்டிவிடக் கூடாதாம். மரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மே 8 அன்று, மனம் கேட்காமல், பிராகே ரைட்டையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கால் மணி நேரம் பார்த்தார்கள். எழுத்து அப்படியே இருந்தது, மண் அப்படியே இருந்தது. யாரும் வரவில்லை என்று முடிவு செய்து போய்விட்டார்கள். குழியைத் தோண்டிப் பார்க்கவில்லை. மே 30 அன்று வில்ஸ் தள்ளாடியபடி மறுபடியும் வந்தார். அவருக்கும் யாரும் வந்துபோன தடயம் தெரியவில்லை.

அண்ணன் இதைக் கேட்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அந்தச் சீட்டைக் கம்பத்தில் கட்டியிருக்க வேண்டும்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வண்டியிலும் ஒரு கட்டு மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவும், மழையில் அழியாத பேனாவும், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கின்றன. சீட்டு நெஞ்சு உயரத்தில், சாலையைப் பார்த்தபடி, நாடா கட்டித் தொங்க வேண்டும். தேதி, மணி, எந்த மாநிலத்து மணி, எந்தத் திசை, போய்ச் சேரும் இடத்தின் பெயர், கையில் எத்தனை லிட்டர் தண்ணீர், அங்கே எதுவரை காத்திருப்போம், அதன் பிறகு எங்கே. நலம் விசாரிப்புக்கு இடமில்லை. சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு அழுத்தினால் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் சிறு பீக்கன் கருவியையும் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்து போகக் கூடாது. மேலேயிருந்து தேடுகிறவர்களுக்கு மனிதன் தெரிய மாட்டான், வண்டிதான் தெரியும். ஊரில் இருக்கும் ஒருவரிடம், இன்ன தேதி இன்ன மணிக்குள் நான் பேசாவிட்டால் போலீசைக் கூப்பிடு என்று சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தவரிடம் திரும்பியதும் மறக்காமல் பேசவும் வேண்டும். என் மைத்துனர் ஒருமுறை வீணாகப் பதறிப்போனார்.

ஓடையை ஒட்டியே இன்னமிங்காவுக்குப் போனோம். இதைப் பாலைவனம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மடுவில் கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கூடாரத்துக்காரர் அரை மணி நேரத்தில் மூன்று மீன் பிடித்து, ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார், புளிக்குழம்பு ஆயிற்று. இப்படிப்பட்ட ஓடைக்கரையில்தான் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள்.

ஒரு மாலை, வெள்ளம் வடிந்த சேற்றுப் பரப்பில் நடந்துகொண்டிருந்தபோது மனைவி குனிந்து, "இங்கே பாருங்கள், ஆரைக்கீரை" என்றாள். அவள் தஞ்சாவூர்ப் பக்கம். நான் நம்பவில்லை. ஆனால் அச்சு அசல் அதேதான்: மெல்லிய காம்பு, உச்சியில் நான்கு இலை, சிலுவை மாதிரி. எங்கள் ஊர் வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் முளைப்பது. அதன் நெருங்கிய சொந்தம் இது. அங்கே நார்டூ என்கிறார்கள். இலை கொஞ்சம் பெரிது, லேசாக ரோமம். அடியில் மண்ணைக் கிளறினால் மிளகைவிடச் சற்றுப் பெரிய, கல் போன்ற கறுத்த காய்கள் கிடைத்தன. விதை அல்ல; பெரணி இனம் என்பதால் அவை வித்துறைகள். நகத்தால் கீறிப் பார்த்தேன், கோடுகூட விழவில்லை.

இதன் மாவுதான் பர்க்கையும் வில்ஸையும் கொன்றது. கொன்றது என்று சொல்வதுகூடத் தவறு. அந்த ஓடைக்கரையின் சொந்தக்காரர்களான யாந்த்ருவாந்தா மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைத் தின்று வாழ்ந்தவர்கள். வறுத்து, அம்மிக்கல்லில் அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பதப்படுத்தி, சிப்பி ஓட்டால் அள்ளி உண்டார்கள். நார்டூவில் தயமின் என்ற பி1 ஊட்டச்சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அவர்களுடைய பக்குவம் அந்த நொதியை அடக்கிவிடுகிறது என்று பின்னாளைய ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வெள்ளைக்காரர்கள் பொருளைப் பார்த்தார்கள், பக்குவத்தைப் பார்க்கவில்லை. பொறுக்கி, இடித்து, வேகவைத்துத் தின்றார்கள். வயிறு நிறைந்தது, கால் விழுந்தது. தினமும் நிறையத் தின்றும் உடம்பு தேய்ந்துகொண்டே போகிறதே என்று வில்ஸ் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். பி1 சத்துக் குறைவால் வரும் பெரிபெரி என்ற நோயின் அடையாளம் அது.

மனைவி மருத்துவமனையில் உணவியல் பிரிவில் இருப்பவள். தீட்டிய பச்சரிசியை மட்டுமே தின்றவர்களைப் பெரிபெரி பிடித்தது; புழுங்கல் அரிசிக்காரர்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்றாள். நெல் அவித்த நம் பாட்டிகள் யாருக்கும் தயமின் தெரியாது. அவர்களும் யாரோ சொல்லிக் கொடுத்த பக்குவத்தைக் கைவிடாமல் செய்தவர்கள்தாம். அந்தச் சேற்றில் நின்று இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது கொசு கடித்துத் தீர்த்துவிட்டது. ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டோம். யாருக்காவது காட்டுச் செடியைச் சமைத்துப் பார்க்க ஆசை இருந்தால், அந்த மண்ணில் பிறந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டினாலன்றி வேண்டாம்.

யாந்த்ருவாந்தா மக்கள் முதலில் மீனும் நார்டூ ரொட்டியும் தாங்களாகவே கொடுத்தார்கள். ஒருமுறை மீனோடு வந்தவர்களின் கையிலிருந்ததைப் பர்க் தட்டிவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே சுடச் சொன்னதாகக் கிங் பிறகு சாட்சி சொன்னார். அவர்கள் விலகிப் போனார்கள். லண்டா என்ற ஒட்டகம் ஏற்கெனவே சேற்றில் புதைந்து செத்திருந்தது. ராஜா என்பது அடுத்துப் போயிற்று. தண்ணீரைச் சுமக்க ஒட்டகம் இல்லாததால் ஓடையைவிட்டு எங்கும் நகர முடியவில்லை. 1861 ஜூன் கடைசி வாக்கில் வில்ஸும், அடுத்த சில நாளில் பர்க்கும் இறந்தார்கள். முன்பே இறந்த கிரேயையும், பிராகே, ரைட் குழுக்களில் இறந்த நால்வரையும் சேர்த்து, மொத்தம் ஏழு பேர்.

கிங் பிழைத்தார். அவர் முன்பு இந்தியாவில் படைவீரராக இருந்தவர். ஒட்டகங்களோடு கராச்சியிலிருந்து வந்தவர். தலைவர்கள் இருவரும் போன பிறகு அவர் நேராக யாந்த்ருவாந்தா மக்களிடம் போய் நின்றார். காக்கைகளைச் சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கையில் இருந்த புண்ணைத் தண்ணீரில் கழுவி மருந்து போட்டார். அதன் பிறகு அவர்கள் அவருக்கு இருக்க இடமும் நார்டூவும் மீனும் கொடுத்து இரண்டரை மாதம் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 15 அன்று ஆல்ஃபிரட் ஹோவிட்டின் தேடுதல் குழு வந்தபோது, கந்தலோடு நின்ற ஒருவரைப் பார்த்துவிட்டு முதலில் யாரென்று தெரியாமல் திகைத்தார்கள். ஹோவிட் பிறகு நன்றி பொறித்த பித்தளைத் தகடுகளை அந்த மக்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கிங் மெல்பர்னுக்குத் திரும்பினார். உடம்பு தேறவே இல்லை. 1872இல் 33 வயதில் காசநோயால் இறந்தார்.

அவர் கண்டெடுக்கப்பட்ட இடத்தில் ஓடைக்கரையில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. போனோம். அங்கிருந்து கிளம்பும்போது அண்ணன் தன் கடிகாரத்தை என்னிடம் நீட்டி, "உங்களுடையதோடு ஒத்திருக்கிறதா, பாருங்கள்" என்றார். இன்னமிங்கா தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே என் அரை மணிதான் சரி. அவர் திருப்பிக்கொண்டார். மகள் நாடாவை எடுத்துக் கம்பத்தில் கட்டலாமா என்று கேட்டாள். இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தன. கட்டட்டும் என்று விட்டுவிட்டோம், பிறகு அவளையே அவிழ்க்கச் சொன்னோம்.